பெண்ணியம் என்றதும் ஒதுங்குகிற பெண்களிடம் எப்படிப் பேசலாம்

"நானெல்லாம் பெண்ணியம் பேசுற ஆளு இல்லீங்க டீச்சர்." கோபிசெட்டிபாளையம் பக்கம் மகளிர் குழுக் கூட்டங்களில் சட்ட உரிமைகளைப் பற்றிப் பேசப் போகிற எனக்குப் பழகிப்போன பேச்சு இது. இதைச் சொல்கிற அதே அக்கா, மகனுக்குக் கட்டிய அளவுக்கு மகளுக்கும் கல்லூரிக் கட்டணம் கட்டியவராக இருப்பார். மருமகள் வேலைக்குப் போவதற்காகப் பேரனைத் தூக்கிச் சுமப்பவராக இருப்பார். ஆனால் அந்தப் பெயரை மட்டும் தன்மேல் ஒட்டிக்கொள்ள மாட்டார்.

இவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சலித்துக்கொள்ளும் தோழிகள் எனக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. குழுக் கடனுக்கு வட்டியை மனக்கணக்காகப் போடுகிறவர்கள் இவர்கள். அந்தப் பெயரை ஏற்றால் எதெல்லாம் கைவிட்டுப் போகும் என்பதையும் கணக்குப் போட்டுத்தான் ஒதுங்கியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு தெரியாமல் பேசப் போனால் பேச்சு ஓர் அங்குலம் நகராது. குழுவிலோ, வேலை செய்யும் இடத்திலோ, சொந்த வீட்டிலோ இதைப் பேச நினைப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கூலியிலிருந்து தொடங்குங்கள்

முதல் கூட்டத்தில் பெண்ணியம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். கடன் வரவுசெலவு முடிந்து டீ வரும் நேரம் பார்த்து, கூலியைப் பற்றிக் கேளுங்கள். களை எடுக்க, நாற்று நட என்றால் பொம்பளையாள் கூலி. வரப்பு வெட்ட, மருந்தடிக்க என்றால் ஆம்பளையாள் கூலி. வேலையே வேறு என்று சொல்லிவிடுவதால், 1976-இலேயே சம ஊதியச் சட்டம் வந்தும் காட்டு வேலைக்கு அது வந்து சேரவில்லை. நூறு நாள் வேலையில் இருவருக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்கள்தான். "இதுல எதுங்க நியாயம்?" என்று கேட்டால், பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பதுதான் நியாயம் என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார்.

அப்புறம் மெதுவாகக் கேளுங்கள்: "சரி, அப்பா காட்டுல உங்களுக்குப் பங்கு வந்துச்சுங்களா?" அங்கே பேச்சு நின்றுவிடும்.

அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்

ஏன் பேச்சு நிற்கிறது என்று புரிந்துகொள்ள, ஒரு பெண்ணுக்கு அண்ணன் தம்பி என்றால் என்னவென்று பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டும். மகள் வயதுக்கு வந்தால் மாமன் சீர் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு உட்காருவது தங்கைதான். புருஷன் வீட்டில் கைநீட்டினால் வந்து கேட்கவும் அவன்தான் வேண்டும். கடைசியில், அவள் கண்மூடினால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்தாக வேண்டும். பங்கு கேட்டால் இத்தனையும் ஒரே நாளில் அறுந்துபோகும் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை; அப்படி அறுந்த குடும்பங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. "எனக்குச் சொத்து வேண்டாம், அண்ணன் வந்துபோக இருந்தாப் போதும்" என்று ஒரு பெண் சொன்னால், அதை அடிமைப் புத்தி என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே பாதுகாப்பாக அவள் நம்புவதை விட்டுக்கொடுக்கத் தயங்குகிறாள். பெண்ணியவாதி என்ற பெயர் அவள் காதில், அண்ணனோடு வழக்குக்குப் போனவள் என்றுதான் விழுகிறது.

ஆகவே சண்டைக்குத் தூண்டாமல் சட்டத்தை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாடு 1989-இலேயே சட்டமாக்கியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்கள் அதில் விடுபட்டார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அன்றைய தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்ததையோ விற்றதையோ மட்டும் திரும்பக் கிளற முடியாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால், உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. இது 1956-இலிருந்தே உண்டு. பெரும்பாலானவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு, அதைத் தனியாக விசாரிக்கச் சொல்லுங்கள்.

விடுதலைப் பத்திரத்துக்கு முன்னால்

சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுப்பதுதான் விடுதலைப் பத்திரம். அதற்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் பார்க்கிற காட்சி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அண்ணன் காரில் அழைத்து வருவான். கையில் புதுச்சேலைப் பை. பத்திரம் எழுதுபவர் பக்கத்துக்குப் பக்கம் விரல் வைத்துக் காட்டுவார், அவள் கையெழுத்துப் போடுவாள். படம் பிடிப்பார்கள், விரல்ரேகை எடுப்பார்கள், "சம்மதம்தானேம்மா?" என்று கேட்பார்கள். தலையாட்டிவிட்டு வந்து, வெளியே எல்லோருமாகச் சாப்பிடப் போவார்கள். எவ்வளவு நிலத்தை விட்டுக்கொடுத்தோம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. சீர் செய்தாகிவிட்டது, நகை போட்டாகிவிட்டது என்ற ஒரு பேச்சிலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

இங்கே நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஒருதரம் படிச்சுப் பாத்துட்டுப் போடறேண்ணா." இதில் எந்தச் சண்டையும் இல்லை. கிடைக்கிற அவகாசத்தில் பத்திர நகலை வாங்கிப் படிக்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். பட்டா, சிட்டாவையும் இணையத்திலேயே பார்க்கலாம். பார்த்த பிறகு, மனமார விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அவள் விருப்பம். இல்லையென்றால் குறைந்த பங்கோ, அதற்கு ஈடாகப் பணமோ கேட்கலாம். கேட்ட தொகையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லலாம். பணம் கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்து. பெரியவர்களை வைத்துப் பேசி இப்படி முடித்துக்கொண்ட குடும்பங்களில் மாமன் சீரும் வருகிறது, பங்கும் வருகிறது.

மற்ற தயக்கங்கள்

பெண்ணியவாதி என்றால் ஆம்பளைகளைக் கண்டாலே ஆகாதவள் என்ற எண்ணம் பலமாக இருக்கிறது. இதற்கு எங்கள் பக்கத்தில் பதில் சொல்வது எளிது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டவர் பக்கத்து ஈரோட்டுக்காரர். அவருக்குப் பெரியார் என்ற பட்டத்தைக் கொடுத்ததே 1938-இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான். உடனே, "அப்ப சாமி கும்பிடக் கூடாதுங்களா?" என்ற கேள்வி வரும். பண்ணாரிக்குக் குண்டம் மிதிக்கப் போகிறவரும் சம பங்கு கேட்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கல்லூரிப் பெண்களின் பயம் வேறு. சமூக ஊடகத்தில் ஒரு வரி எழுதினால் அதைப் படம்பிடித்து அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப ஆள் இருக்கிறது. வரன் பார்க்கும்போதும் அது பேச்சாகும். இவர்களைப் பொதுவில் எழுந்து உறுதிமொழி எடுக்கச் சொல்லாதீர்கள்.

தலித் பெண்கள் ஒதுங்குவதற்குக் காரணம் இன்னும் ஆழமானது. மேடையில் சமத்துவம் பேசுகிற அம்மா வீட்டில் தங்களுக்குத் தனி டம்ளர் இருப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். சமாதானம் சொல்ல வேண்டாம். அடுத்த கூட்டத்தை அவர்கள் தெருவில் போடுங்கள், அங்கே கொடுக்கிற டீயைக் குடியுங்கள், கூட்டத்தை அவர்களே நடத்தட்டும்.

எடுத்துச் சொல்ல உண்மைக் கதைகளை வைத்துக்கொள்ளுங்கள். 2015-இல் மூணாறில் தமிழ்த் தோட்டத் தொழிலாளப் பெண்கள், ஆண் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்து, குறைத்த போனஸை மீட்டார்கள். கோழிக்கோட்டுக் கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்கள் உட்கார நாற்காலி கேட்டுப் போராடினார்கள். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது, 2021-இல் தமிழ்நாடும் திருத்தியது. துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வீக்கம் கண்ட கணுக்காலைக் காட்டிக்கொண்டே, தன் கடையில் நடப்பதைப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

பெயரை யார் சொல்வது?

"அப்போ நீங்க பெண்ணியவாதிங்களா டீச்சர்?" என்று எப்போதாவது ஒருத்தி கேட்பாள். ஆமாம் என்று உரக்கச் சொல்வேன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, சொன்னால் நான் இழக்கப்போவது கொஞ்சம்தான். என் போன்றவர்களும் மழுப்பினால், அந்தப் பெயரை வசவாக வைத்திருப்பவர்களுக்கே அது சொந்தமாகிவிடும். யாராவது ஓர் ஆண், கூட்டத்தில் வாய் திறந்த பெண்ணைப் பார்த்து "பெரிய பெண்ணியவாதி" என்று சொன்னால், அவள் தலைகுனிய விடாதீர்கள். "நானும்தாங்க. இதுல எதுங்க தப்பு, கூலியா, பங்கா?" என்று நீங்கள் கேளுங்கள். பதில் வரும்வரை பேச்சை மாற்றாதீர்கள்.

கூட்டம் முடிந்து கிளம்புமுன், இரண்டு எண்களை எல்லோரையும் கைபேசியில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்: 181 பெண்கள் உதவி எண், 15100 இலவச சட்ட உதவி. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டில் யாராவது பார்த்துக் கேட்பார்கள் என்று பயப்படுகிறவர்கள் "டீச்சர்" என்றே பதிந்துகொள்ளட்டும்.