ராம் மீனில் ஆண் எது, பெண் எது?

கொளத்தூரில் ஒரு கடையில் "நல்ல ஜோடி சார்" என்று பிடித்துக் கொடுத்த இரண்டு ஜெர்மன் புளூ ராம்களை (தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் சின்ன மீன்) மூன்று மாதம் ஆசையாக வளர்த்தேன். முட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. நாள் முழுக்க முறைத்துக்கொண்டே திரிந்தன. பிறகுதான் தெரிந்தது, இரண்டும் ஆண். அன்றிலிருந்து கடைக்காரர் கைகாட்டும் ஜோடியை நான் வாங்குவதில்லை. நானே பார்த்துத்தான் எடுக்கிறேன்.

1. அவசரப்படாதீர்கள்

அன்று காலை பெட்டியில் வந்து இறங்கிய மீனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பயத்தில் நிறம் வெளுத்திருக்கும். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சுகளையும் விட்டுவிடுங்கள், அந்த வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தொட்டி முன்னால் பத்து நிமிடம் ஆடாமல் நின்றால் மீன்கள் பழைய நிறத்துக்குத் திரும்பும். போனில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது.

2. ராம்: கரும்புள்ளியைப் பாருங்கள்

ராமின் உடம்பு நடுவே, முதுகுத் துடுப்புக்குக் கீழே ஒரு கரும்புள்ளி உண்டு. ஆணுக்கு அது பெரும்பாலும் மை தொட்டு வைத்தது போல வெறும் கறுப்பு. பெண்ணுக்கு அந்தக் கறுப்புக்குள்ளேயே நீலச் செதில்கள் மினுங்கும். மீன் பக்கவாட்டில் திரும்பி வெளிச்சம் படும் அந்த ஒரு நொடியில்தான் தெரியும், கண்ணை எடுக்காதீர்கள். சில ஆண்களுக்குப் புள்ளியின் ஓரத்தில் ஒன்றிரண்டு நீலச் செதில் இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அடுத்து வயிறு. வளர்ந்த பெண்ணின் வயிற்றில் ரோஸ் நிறம் ஏறியிருக்கும், உடம்பும் கொஞ்சம் உருண்டை.

முதுகுத் துடுப்பின் முன்முள் நீண்டிருந்தால் ஆண் என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் இதை மட்டும் நம்பினால் மோசம் போவோம். பண்ணை மீன்களில் பல ஆண்களுக்கு அது நீள்வதே இல்லை. நீண்டாலும் பக்கத்து மீன் கடித்துக் குட்டையாக்கிவிடும். நிறம் கூட்ட ஹார்மோன் கொடுத்த மீனாக இருந்தால் பெண்ணும் ஆண் மாதிரி தெரியும். எலெக்ட்ரிக் புளூ வகையில் கரும்புள்ளியே சரியாகத் தெரியாது, புதியவர்கள் அதில் ஆரம்பிக்க வேண்டாம்.

3. காக்கட்டூ ஏபிஸ்டோ

ராம் போலவே தொட்டியில் வளர்க்கும் இன்னொரு சின்ன மீன் இது, ஆண் பெண் பிரிப்பது சுலபம். ஆண் எட்டு சென்டிமீட்டர் வரை வளரும், பெண் ஐந்தோடு நின்றுவிடும். ஆணின் முதுகுத் துடுப்பில் முன்முட்கள் காக்கட்டூ கிளியின் கொண்டை போல நிமிர்ந்து நிற்கும், வாலில் இரண்டு முனை நீளும். பெண்ணுக்கு வால் உருண்டை, வயிற்றுத் துடுப்பின் முன்னோரம் கறுப்பு. குஞ்சு காக்கும்போது மஞ்சளும் கறுப்புமாக மாறிவிடுவாள்.

கலராக இருப்பதை மட்டும் பொறுக்கி எடுத்தால் வீட்டுக்கு வருவதெல்லாம் ஆணாக இருக்கும். மங்கலாக, மூலையில் ஒதுங்கி நிற்பதையும் கேட்டு வாங்குங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய ஆணுக்குப் பயந்து, சின்ன ஆண் பெண் வேஷம் போட்டுக்கொண்டு திரியும். தனித் தொட்டியில் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் குட்டு உடைந்துவிடும்.

4. கிரிப்

மேற்கு ஆப்பிரிக்க மீனான கிரிப்பில் (முழுப்பெயர் கிரிபென்சிஸ்) கதை தலைகீழ், பெண்தான் அழகி. குட்டையான உடம்பில் செர்ரி நிற வயிறு. ஆண் நீளமாக இருக்கும், முதுகுத் துடுப்பும், வயிற்றுக்குப் பின்னால் கீழே இருக்கும் குதத் துடுப்பும் கூராக முடியும்.

5. கடைசிச் சோதனை

முட்டையிடும் நாள் நெருங்கும்போது வயிற்றுக்கு அடியில் சிறு குழாய் ஒன்று வெளியே தெரியும். மழுங்கித் தடிமனாக இருந்தால் பெண், மெலிந்து கூராக இருந்தால் ஆண். மற்ற அடையாளங்கள் குழப்பினாலும் இதை நம்பலாம்.

முட்டை வந்துவிட்டது என்பதற்காக ஜோடி சேர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இரண்டு பெண் ராம்கள் சேர்ந்துகூட முட்டையிடும், ஆண் இல்லாததால் அது கருவாகாமல் வெளுத்துவிடும். அடுத்த நாளே முட்டை மொத்தமும் பால் மாதிரி வெளுத்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் அதுதான்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லையா? ஆறு சின்ன ராம்களாக வாங்கி ஒன்றாக வளருங்கள், ஜோடியை அவையே பிரித்துக் காட்டும். மிச்ச நான்கைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் காசு கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.