கட்டணம் சொல்லத் தயங்கும் ஃப்ரீலான்சர்: தன்னம்பிக்கையைக் கரைக்கும் தவறுகள்

ஃப்ரீலான்சராக வேலை செய்வோரிடம் தன்னம்பிக்கைக் குறைவு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதியை மனக்குறையாக நான் கருதுவதில்லை. கணக்குப் பார்க்காமல் சொன்ன கட்டணம், எழுத்தில் வாங்காத நிபந்தனை, ஒரே வாடிக்கையாளரை நம்பிய வருமானம் ஆகியவற்றோடு காலந்தள்ளுகிறவருக்கு அச்சம் வருவது இயல்பு. வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போரின் தொழிலை எடுத்துக்காட்டாக வைத்தே இங்கு எழுதுகிறேன். வடிவமைப்பாளர்களும் நிரலாளர்களும் எண்களை மட்டும் தங்கள் தொழிலுக்கேற்ப மாற்றிக்கொண்டால் போதும்.

தன்னம்பிக்கை வந்த பிறகு வாடிக்கையாளரைத் தேடலாம் என்று காத்திருப்பது முதல் தவறு. ஒருவர் ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்று நம்புவதற்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் எழுதினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தது, பிறர் தரும் ஊக்கச் சொல், தன் உடலும் மனமும் பதற்றமாக இருக்கின்றனவா அமைதியாக இருக்கின்றனவா என்ற உணர்வு ஆகியவையே அவை. அவற்றுள் முதலாவதுதான் வலுவானது என்பது அவர் முடிவு. ஊக்கப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு மாதங்களைக் கழிப்பவர் மூன்றாவது ஊற்றையே நம்பியிருக்கிறார். அதற்காக, தொடங்கிய உடனேயே 50,000 சொற்கள் கொண்ட நூலை ஒப்புக்கொள்வதும் கூடாது. தொடக்கத்திலேயே நேரும் பெருந்தோல்வி, இருக்கும் சிறிதளவு நம்பிக்கையையும் அரித்துவிடும். 500 சொல் அறிவிப்பு, 2,000 சொல் கட்டுரை என்று முழுமையாக முடித்துக் கொடுக்கக்கூடியவற்றிலிருந்து தொடங்குவதே முறை.

முடித்த வேலைக்குப் பதிவு வைக்காதது அடுத்த தவறு. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டு மதிப்பீடு, பதவி உயர்வு, பக்கத்து இருக்கைக்காரரின் பாராட்டு என்று ஏதேனும் கிடைக்கும். ஃப்ரீலான்சருக்கு வந்த நல்ல மின்னஞ்சல் ஒரு வாரத்தில் புதைந்துவிடும். ஒரே ஒரு குறைகூறல் மட்டும் ஆண்டுக்கணக்கில் நினைவில் தங்கும். தம் வெற்றியை அதிர்ஷ்டத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டு, என்றாவது குட்டு வெளிப்படும் என்று அஞ்சும் திறமைசாலிகளைப் பற்றி பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978இலேயே எழுதியிருக்கிறார்கள். வேலையின் பெயர், ஒப்படைத்த நாள், பெற்ற தொகை, வாடிக்கையாளரின் பதில், அவர் மீண்டும் வேலை தந்தாரா என்ற விவரங்களை ஒரு தாளில் குறித்து வருபவர் அந்த அச்சத்தோடு வாதாடத் தேவையில்லை. தாளைப் பார்த்தால் போதும்.

குறைகளையும் அதே தாளில் பிரித்தெழுத வேண்டும். மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவர் போடும் திருத்தங்களில் சில, பொருளே பிறழ்ந்த பிழைகள். சில, அந்த நிறுவனத்தின் நடைக் கையேட்டின்படி செய்தவை. மற்றவை அவருடைய விருப்பம் மட்டுமே. எல்லாவற்றையும் பிழையாக எண்ணுபவர் ஒடிந்துபோகிறார், எல்லாவற்றையும் விருப்பமாக எண்ணுபவர் வளராமல் நிற்கிறார்.

இனி கட்டணத்துக்கு வருவோம். தயக்கம் மிகுதியாக வெளிப்படும் இடம் இதுதான், தவறுகள் மிகுதியாக நடக்கும் இடமும் இதுதான். “நீங்களே பார்த்துக் கொடுங்கள்” என்பது பணிவாகத் தோன்றினாலும், விலை சொல்லும் உரிமையை எதிர்த்தரப்பிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு அவர் குறைத்துக் கொடுத்தார் என்று உள்ளுக்குள் புழுங்குவதற்கே அது வழிவகுக்கிறது. முதலில் குறைவாக வாங்கி, நம்பிக்கை வந்த பிறகு உயர்த்தலாம் என்ற திட்டமும் பெரும்பாலும் பலிப்பதில்லை. குறைந்த கட்டணம் நிறைய வேலையைக் கேட்கும், நிறைய வேலை அவசரத்தைக் கொண்டுவரும், அவசரம் பிழையைக் கொண்டுவரும், பிழை வந்த பிறகு உயர்த்திக் கேட்கும் துணிவு எங்கிருந்து வரும்?

கணக்குப் போட்டுப் பார்ப்பதே இதற்கு மருந்து. ஒருவரின் வீட்டுச் செலவுக்கு மாதம் 40,000 ரூபாய் தேவை என்று கொள்வோம். கணினி, இணைய இணைப்பு, மின்சாரம், உடல்நலமில்லாத நாட்கள் ஆகியவற்றுக்கு இன்னும் 10,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். மாதம் 25 நாட்கள், நாளுக்கு 8 மணி நேரம் உழைத்தால் 200 மணி நேரம் ஆகும். ஆனால் வேலை தேடுவது, மின்னஞ்சல் எழுதுவது, பணம் கேட்டு நடப்பது என்று போனது போக, கட்டணம் கிடைக்கும் நேரம் அதில் பாதி இருந்தாலே நல்லது. ஆக 100 மணி நேரத்தில் 50,000 ரூபாய் ஈட்ட வேண்டும் என்றால் மணிக்கு 500 ரூபாய். நாளொன்றுக்கு 2,000 சொற்கள் என்பது இத்தொழிலில் பரவலாகக் கொள்ளப்படும் அளவு. அதாவது மணிக்கு 250 சொற்கள். எனவே சொல்லுக்கு 2 ரூபாய்க்குக் கீழே இவர் இறங்கினால் வேலை செய்யச் செய்ய நட்டப்படுவார். இந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவர் பேரம் பேசும்போது தம் தகுதியை நிறுவ வேண்டியதில்லை. இதற்குக் கீழே கட்டுப்படியாகாது என்று அமைதியாகச் சொல்லிவிடலாம். சொற்கணக்கு ஆங்கில மூலத்துக்கா, தமிழ் மொழிபெயர்ப்புக்கா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களாக இருப்பது தமிழில் ஒரே சொல்லாகச் சேர்ந்துவிடும் என்பதால், தமிழ்ச் சொற்களை எண்ணினால் பெரும்பாலும் தொகை குறையும்.

பணம் கேட்கும்போது மன்னிப்புக் கேட்பது இன்னொரு பழக்கம். “தொந்தரவுக்கு மன்னிக்கவும்” என்று தொடங்கும் நினைவூட்டல், தரவேண்டியவரைக் கொடையாளியாகவும் பெறவேண்டியவரை யாசகராகவும் ஆக்கிவிடுகிறது. இந்தியாவில் வேலை செய்வோருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசு கட்டணமின்றித் தரும் உத்யம் பதிவு இருந்தால், தனி ஆளாக வேலை செய்பவரும் குறு நிறுவனமாகவே கருதப்படுவார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு எவ்வாறாயினும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேர்த்துத் தர வேண்டும். இவ்வாறு உரிய காலத்தில் தராத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வாடிக்கையாளர் தம் வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்ற விதியையும் 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்தது. வழக்குக்குப் போக வேண்டும் என்பதில்லை. இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண்ணையும் கெடு நாளையும் அச்சிட்டாலே கடிதத்தின் தொனி மாறிவிடுகிறது. பதிவை வேலை தொடங்கும் முன்பே செய்துகொள்வது நல்லது. முன்பணம் கேட்பதிலும் கூச்சம் வேண்டாம். புதியவரிடம் பாதித் தொகையை முன்கூட்டியே வாங்குவதில் தவறேதும் இல்லை.

பதில் வராமையைத் தீர்ப்பாகப் படிப்பதும் பரவலான தவறு. கட்டண விவரம் அனுப்பி நான்கு நாட்களாகப் பதில் இல்லையென்றால், அந்த அலுவலகத்தில் நிதி ஒப்புதல் தாமதமாகியிருக்கலாம், பொறுப்பாளர் விடுப்பில் இருக்கலாம், திட்டமே கைவிடப்பட்டிருக்கலாம். ஃப்ரீலான்சர் மட்டும் தம் விலையும் திறமையும் நிராகரிக்கப்பட்டதாக முடிவுகட்டி, யாரும் கேட்காத தள்ளுபடியோடு இரண்டாவது மின்னஞ்சலை அனுப்புகிறார். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு வரியில் விசாரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவதே சரி.

பிறரோடு ஒப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லிங்க்ட்இன் போன்ற தொழில்முறைத் தளங்களில், தாம் தோற்ற வேலைகளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே.

வருமானத்தில் முக்கால் பங்கு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வரும் நிலையைப் பாதுகாப்பு என்று நினைப்பது, மெதுவாகவே தெரியவரும் தவறு. அவர் நள்ளிரவில் அனுப்பும் வேலைக்கும் மறுப்புச் சொல்ல முடியாது. மூன்று மாதச் செலவுக்கான தொகையைத் தனியே சேர்ப்பதும், வாரத்தில் சில மணி நேரத்தைப் புதிய வாடிக்கையாளர்களுக்கு எழுத ஒதுக்குவதும் எந்தப் பயிற்சி வகுப்பையும்விட விரைவாகக் குரலை நிமிர்த்தும்.

அந்தப் பழைய வாடிக்கையாளரிடம் கட்டணத்தை உயர்த்த வேண்டிய நாள் வரும்போது, விலைவாசியையும் குடும்பச் செலவையும் அடுக்கி நீண்ட விளக்கம் எழுதாமல், ஒரு மாதம் முன்னதாகவே புதிய கட்டணத்தையும் அது நடைமுறைக்கு வரும் நாளையும் இரண்டு வரிகளில் தெரிவித்தால் போதும். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைகளைப் பழைய கட்டணத்திலேயே முடித்துக் கொடுத்துவிட வேண்டும்.