வேரோடு கழன்ற பல்லைக் காப்பாற்றும் முறை

பாபநாசம் படித்துறையிலோ குற்றாலத்துப் பாறையிலோ வழுக்கி விழுந்து முன்பல் வேரோடு கழன்றுவிட்டால், பல் போயிற்று என்று கைவிட வேண்டியதில்லை. நிலைப்பல்லாக இருந்தால் அதே குழியில் மீண்டும் பொருத்தலாம். பால்பல்லாயின், அடியில் வளரும் பல்முளைக்குக் கேடு நேரும் என்பதால் பொருத்தவே கூடாது. தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ இருந்தால், பல்லை விட மருத்துவமனையே முதன்மையானது.

பல்லின் வெண்ணிற மேற்பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வேரின்மேல் மெல்லிய சவ்வாக ஒட்டியிருக்கும் உயிரணுக்களே பல்லை எலும்போடு மீண்டும் இணைப்பவை; ஆகையால் மண் ஒட்டியிருக்கிறதே என்று வேட்டி முனையால் துடைப்பதும் நகத்தால் சுரண்டுவதும் இருக்கும் வாய்ப்பையும் கெடுத்துவிடும். பாலிலோ, பால் இல்லையெனில் தண்ணீரிலோ சில நொடிகள் அலசினால் போதும். பிறகு, பக்கத்துப் பல்லைப் பார்த்து, முன்புறம் பின்புறம் மாறாமல் குழியில் மெல்ல அழுத்தி, சுத்தமான கைக்குட்டையைக் கடிக்கச் செய்ய வேண்டும்.

அதற்குத் துணிவில்லையெனில், வழியிலுள்ள தேநீர்க் கடையில் காய்ச்சாத பாக்கெட் பால் வாங்கி, பல்லை அதில் மூழ்க வைக்கலாம். தண்ணீரில் ஊற வைத்தால், அது தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும், அணுக்கள் உப்பி அழிந்துவிடும்.

ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைப்பது நல்லது என்பதால், பாளையங்கோட்டை வரை போகத்தான் வேண்டும் என்று எண்ணாமல், அம்பாசமுத்திரத்திலோ தென்காசியிலோ அருகிலுள்ள பல் மருத்துவரையே அணுகுவது அறிவுடைமை. அவர் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் பிணைத்து, சுமார் 2 வாரம் வைத்திருப்பார். வேர் முழுதாக வளர்ந்த பல்லுக்கு அந்தக் காலத்துக்குள்ளேயே வேர் சிகிச்சையும் தொடங்கப்படும். டெட்டனஸ் ஊசி தேவையா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.