64 கிலோவுக்கு எந்த சைஸ்?

"அக்கா, 64 கிலோ இருக்கேன். எல் வாங்கவா, எக்ஸ்எல் வாங்கவா?"

வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். பெண்களுக்குத் துணி தைக்க ஆரம்பித்து எனக்கு 23 வருடம் ஆகிறது. பாதி வேலை, ரெடிமேடாக வாங்கிப் பொருந்தாமல் போனதைப் பிரித்துத் தைப்பதுதான். எடையை மட்டும் சொன்னால் என்னால் சைஸ் சொல்ல முடியாது. உயரத்தையும் சேர்த்துச் சொன்னால் ஒரு தோராயம் சொல்லலாம். டேப் வைத்து நாலு இடம் அளந்து சொன்னால் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவேன்.

ஒரு தடவை அண்ணியும் நாத்தனாருமாக இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் 64 கிலோ என்பதால் ஒரே சைஸில் ஆளுக்கொரு பேன்ட் வாங்கியிருந்தார்கள். அண்ணிக்கு ஜிப் ஏறவே இல்லை. நாத்தனாருக்கோ தொடையில் இறுக்கிப் பிடித்தது, ஆனால் பின்பக்கம் இடுப்புப் பட்டை ஒரு கை உள்ளே போகிற அளவுக்குத் தள்ளி நின்றது. அன்றைக்கு அளவு நோட்டில் எழுதியது இது. அண்ணி: உயரம் 155 செ.மீ., மார்பு 38 இன்ச், இடுப்பு 35, சீட் 39. நாத்தனார்: உயரம் 168 செ.மீ., மார்பு 36, இடுப்பு 30, சீட் 41. சீட் என்று நாங்கள் சொல்வது பின்பக்கம் மிக அகலமாக இருக்கிற இடத்தின் சுற்றளவு.

இதில் உயரத்தின் வேலை பாதி. 64 கிலோவை 155 செ.மீட்டரில் பரப்பினால் ஒரு செ.மீட்டருக்கு 413 கிராம் வருகிறது. 168 செ.மீட்டரில் பரப்பினால் 381 கிராம்தான். உடம்பை ஒரு உருளையாக வைத்துக் கணக்குப் போட்டால், இந்த வித்தியாசம் சுற்றளவில் 4 சதவீதம். 37 இன்ச்சுக்கு ஒன்றரை இன்ச், கிட்டத்தட்ட ஒரு சைஸ். மீதிப் பாதி, சதை எங்கே சேர்கிறது என்பது. அண்ணிக்கு வயிற்றில், நாத்தனாருக்குத் தொடையிலும் பின்பக்கத்திலும். எடை பார்க்கும் மெஷினுக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். பேன்ட்டுக்கு ஒன்றல்ல.

"எத்தனை கிலோ குறைந்தால் ஒரு சைஸ் இறங்கும்?" என்பது அடுத்த கேள்வி. அதே கணக்குதான். உயரம் மாறாதபோது எடை 10 சதவீதம் கூடினால் சுற்றளவு ஏறக்குறைய 5 சதவீதம்தான் கூடும். ரெடிமேடில் சின்ன சைஸ்களுக்கு நடுவில் பொதுவாக 1 அல்லது ஒன்றரை இன்ச் இடைவெளி இருக்கும், பெரிய சைஸ்களில் 2 இன்ச். மார்பு 34, எடை 50 கிலோ என்றால் ஒன்றரை இன்ச் குறைய சுமார் நாலரை கிலோ போக வேண்டும். மார்பு 44, எடை 90 கிலோ என்றால் 2 இன்ச் குறைய 8 கிலோ போக வேண்டும். 90 கிலோவிலிருந்து கஷ்டப்பட்டு 5 கிலோ குறைத்துவிட்டு, "அதே சட்டைதான் போடுறேன், என்ன பிரயோஜனம்" என்று என் எதிரில் கண் கலங்கியவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் போன அளவையும் இந்த அளவையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவேன். ஒரு இன்ச் போயிருக்கும். சைஸ் லேபிள் அதைக் காட்டாது, ஏனென்றால் அடுத்த சைஸ் 2 இன்ச் தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

உடம்பு எல்லா இடத்திலும் சமமாக ஏறி இறங்காது என்பதால் இந்தக் கணக்கைத் தோராயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எடை மாறாமலே அளவு மாறுவதும் உண்டு. ஜிம்முக்குப் போய் எடை தூக்க ஆரம்பித்த ஒரு பெண்ணுக்கு ஆறு மாதத்தில் எடை அப்படியே இருந்தது, இடுப்பு ஒன்றரை இன்ச் குறைந்தது, ஷோல்டர் அரை இன்ச் கூடியது. 5 கிலோ கொழுப்பு சுமார் ஐந்தரை லிட்டர் இடத்தைப் பிடிக்கும், அதே 5 கிலோ தசை 4.7 லிட்டர்தான். மாதவிடாய் நின்ற பிறகு நடப்பது இதற்கு நேர் எதிர். ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, தொடைக்கும் பின்பக்கத்துக்கும் போய்க்கொண்டிருந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர ஆரம்பிக்கும். பல வருடமாக என்னிடம் வருகிற ஒரு அம்மா 58 கிலோவிலேயே இருக்கிறார், இடுப்பு மட்டும் 30-லிருந்து 33 ஆகியிருக்கிறது. துவைத்துத் துவைத்துத் துணி சுருங்கிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அவர் செய்த தப்பு ஒன்றும் இல்லை. வயதோடு உடம்பின் வடிவம் மாறுகிறது, துணியும் கூடவே மாற வேண்டும்.

லேபிளில் இருக்கிற எண்ணுக்கு எந்த மதிப்பும் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவில் 1939-40-ல் விவசாயத் துறையின் ஆய்வில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட அளவுகள். ஆனால் கணக்கில் எடுத்துக்கொண்டது வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டும். அந்த விவரங்களை அடிப்படையாக வைத்து 1958-ல் ஒரு சைஸ் தரத்தைக் கொண்டு வந்தார்கள். அதில் 8-ம் நம்பருக்கு மார்பு 31 இன்ச். 1983-ல் அந்தத் தரத்தையே விலக்கிக்கொண்டார்கள். இன்றைக்கு அங்கே 8 என்று விற்கிற துணி அதைவிட எவ்வளவோ பெரிது, வாங்குகிறவர் மனம் சந்தோஷப்பட வேண்டும் என்று நம்பரைக் குறைத்துக்கொண்டே வந்துவிட்டார்கள். ஐரோப்பாவுக்குள்ளேயே ஜெர்மனியில் 38 என்பது பிரான்சில் 40, இத்தாலியில் 44. ஒரே உடம்புக்கு மூன்று நம்பர்.

சரி, டேப்பை எடுங்கள். பழைய டேப் என்றால் முதலில் ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், துணி டேப் வருடக்கணக்கில் இழுபட்டு நீண்டுவிடும். மெல்லிய உடையில் நில்லுங்கள், எந்த பிராவோடு அந்தத் துணியைப் போடப் போகிறீர்களோ அதையே போட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு எங்கே என்று தேட வேண்டாம். ஒரு மெல்லிய எலாஸ்டிக்கை வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் இரண்டு தடவை சாய்ந்து நிமிருங்கள், அதுவே நகர்ந்து போய் உங்கள் இடுப்பில் உட்காரும். அதன் மேல் டேப்பை வையுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. நான் அளக்கும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பேன், பேசும்போது யாராலும் மூச்சைப் பிடித்து வைத்திருக்க முடியாது. வீட்டில் தனியாக அளப்பவர்கள் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே அளக்கலாம்.

மார்பை இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். அக்குளை ஒட்டி மேல்மார்பில் ஒன்று, மார்பு மிக எடுப்பாக இருக்கிற இடத்தில் ஒன்று, அதுதான் முழு மார்பு. இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 2 இன்ச் என்று வைத்துத்தான் பெரும்பாலான துணிகளை வெட்டுகிறார்கள். உங்களுக்கு 4 இன்ச் என்றால், முழு மார்பைப் பார்த்து வாங்கும் சட்டையில் ஷோல்டர் கண்டிப்பாகத் தொங்கும். சீட்டை நின்று ஒரு தடவை, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை அளங்கள். உட்காரும்போது ஒன்றிரண்டு இன்ச் கூடும். பேன்ட் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் அந்தப் பெரிய எண்ணை நினைவில் வைக்க வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் கோத்து இடுப்பு கூடும், அந்த வாரத்தில் அளந்ததை மட்டும் நம்ப வேண்டாம். எழுதிய அளவுக்குப் பக்கத்தில் தேதியைப் போடுங்கள்.

இப்போது மார்பு, இடுப்பு, சீட் மூன்றும் மூன்று சைஸில் விழும். பத்தில் எட்டுப் பேருக்கு அப்படித்தான் விழும், பயப்பட வேண்டாம். எந்த இடத்தைப் பிறகு சரிசெய்வது கஷ்டமோ, அந்த இடத்துக்குப் பொருந்துகிற சைஸை வாங்கி மற்றதைப் பிடித்துத் தைத்துக்கொள்ள வேண்டும். நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான். பேன்ட் என்றால் சீட்டும் தொடையும்தான் முதலில். இடுப்பைப் பின்பக்கம் பிடிப்பது அரை மணி நேர வேலை, சீட்டில் இல்லாத துணியை யாராலும் கொண்டுவர முடியாது. நாத்தனாருக்கு ஒரு சைஸ் பெரியதாக வாங்கச் சொல்லி, பின்பக்க நடுத்தையலில் பட்டையோடு சேர்த்துப் பிடித்துக் கொடுத்தேன். வயிறு முன்னால் இருக்கிறவர்கள் இடுப்புச் சுற்றளவைவிட கவட்டையிலிருந்து பட்டை வரைக்கும் முன்பக்க உயரம் போதுமா என்று பார்க்க வேண்டும். அது போதாவிட்டால் எத்தனை பெரிய சைஸ் வாங்கினாலும் பட்டை வயிற்றுக்குக் கீழே வழுக்கிக்கொண்டே இருக்கும். அண்ணிக்கு இருந்த சிக்கல் அதுதான், அவருக்கு வேறு வெட்டு உள்ள பேன்ட்டைத்தான் தேடச் சொன்னேன்.

மேல்சட்டைக்கு ஷோல்டர்தான் முதலில். ஷோல்டரைச் சரிசெய்ய கையைக் கழற்றி ஆர்ம்ஹோலை, அதாவது கை பொருத்துகிற வளைவை, திரும்ப வெட்ட வேண்டும். மார்பு மட்டும் மிகப் பெரிதாக இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் மார்புக்கு வாங்கி, பக்கத்தையும் டாட்டையும் (துணிக்கு வடிவம் கொடுக்கிற மடிப்புத் தையல்) பிடித்துக்கொள்வதே நல்லது.

போட்டுப் பார்க்கும்போது சுருக்கங்களைக் கவனியுங்கள். இழுத்துப் பிடிக்கிற சுருக்கம் எந்த இடத்தை நோக்கிப் போகிறதோ, அந்த இடத்தில் துணி போதவில்லை. பட்டன்களுக்கு நடுவில் வாய் திறந்தால் மார்பு. ஜிப்பின் அடியிலிருந்து தொடைப் பக்கம் மீசை மாதிரிக் கோடு விழுந்தால் தொடை அல்லது கவட்டை. நின்று பார்த்தால் மட்டும் போதாது, கையைத் தூக்குங்கள், உட்காருங்கள்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அளவுப் பட்டியலில் ஒரு விஷயத்தைத் தேடிப் பாருங்கள். 38 என்று போட்டிருப்பது உடம்பின் அளவா, தைத்த துணியின் அளவா? துணியின் அளவாக இருந்து, இழுபடாத காட்டன் என்றால், உடம்பு அளவைவிட 2 முதல் 4 இன்ச் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையை வீச முடியாது. இழுபடுகிற பின்னல் துணி உடம்பு அளவிலேயே இருக்கலாம், சில சமயம் குறைவாகக்கூட இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய துணி ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே குறுக்காக அளந்து இரட்டிப்பாக்கிக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள். எந்தப் பட்டியலைவிடவும் அந்தப் பழைய துணியை நான் நம்புவேன்.

எடுப்பதற்கு முன் துணியை உள்பக்கம் திருப்பிப் பக்கத்தையலைப் பாருங்கள். தையலுக்கு வெளியே அரை இன்ச்சுக்கு மேல் துணி விட்டிருந்தால் இரண்டு பக்கமும் பிரித்து ஒரு இன்ச் வரை லூஸ் பண்ணிக் கொடுக்கலாம். நூல் பிரியாமல் ஓரத்தை மெஷினில் ஓவர்லாக் அடித்துக் கால் இன்ச்சோடு வெட்டியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட துணி இப்போதே இறுக்கமாக இருந்தால், அடுத்த சைஸையே எடுத்துக்கொண்டு வாருங்கள், பிடித்துத் தைத்துக்கொள்ளலாம்.