இன்ட்ரோவர்ட்களே, தெம்பு தீரும்வரை காத்திருக்காதீர்கள்

தான் இன்ட்ரோவர்ட், அதாவது ஆட்களோடு இருந்தால் தெம்பு குறைந்து தனிமையில் அதைத் திரும்பப் பெறுபவர் என்பது இப்போதுதான் பிடிபட்டு, தனக்கென்று எல்லை போடத் தொடங்குபவர்கள் அதே பழைய தவறுகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள். "முடியாது என்று சொல்லப் பழகுங்கள்" என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விட்டுவிடுவோம்.

முழுக்கச் சோர்ந்த பிறகு எல்லை போடுவது

உறவுகளை அதிகம் கெடுப்பது இதுதான். பார்க்கும்போதெல்லாம் ஆதங்கமாக இருக்கிறது, ஏனென்றால் தவிர்ப்பது எளிது.

அழைப்பு வந்ததும் ஒருவர் சங்கடப்பட்டு "வர்றேன்" என்று சொல்லிவிடுகிறார். ஐந்து மணி நேர நிகழ்ச்சி. மூன்றாவது மணி நேரத்திலேயே பேச்சு மண்டையில் ஏறுவதில்லை, பதில்கள் ஒற்றைச் சொல்லாகின்றன, சின்னச் சத்தமும் எரிச்சல் தருகிறது. அப்போதும் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் முகம் கடுத்து, சட்டென்று எழுந்து போகிறார். இரண்டு நாள் போனையும் எடுப்பதில்லை. அழைத்தவருக்கு அது கோபமாகத்தான் தெரியும். பிறகு குற்ற உணர்வில் அடுத்த அழைப்புக்கும் உடனே சம்மதம்.

ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுங்கள்: "ஏழு மணிக்கு வர்றேன், எட்டரைக்குக் கிளம்பிடுவேன்." காரணம் சேர்க்காதீர்கள். தலைவலி என்றால் மாத்திரை வரும், தூரம் என்றால் கொண்டுவிட ஆள் வரும். எட்டேகாலுக்கு அழைத்தவரிடம் மட்டும் விடைபெறுங்கள். ஒவ்வொருவரிடமும் போனால் அரை மணி நேரம் கரையும். திரும்பும் வழியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் காரில் போனால், கிளம்பும் நேரம் அவருடையது.

உடனே முடிவெடுக்க முடியவில்லையா? "நாளைக் காலைல சொல்றேன்" என்று சொல்லி, காலையில் கட்டாயம் சொல்லுங்கள்.

போன் பார்ப்பதை ஓய்வில் சேர்ப்பது

குரூப்பில் பதில் போடுவதும் பேச்சுதான். வீடு வந்ததும் முதல் அரை மணி நேரம் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

இரண்டு சந்திப்புகளை ஒட்டி வைப்பது

நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

கூச்சத்தோடு குழப்பிக்கொள்வது

சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் அகமுகம் (இன்ட்ரோவர்ட்), புறமுகம் (எக்ஸ்ட்ரோவர்ட்) என்று மனிதர்களைப் பிரித்தபோது, மன ஆற்றல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையே பேசினார். கூச்சம் வேறு, அது மற்றவர் என்ன நினைப்பாரோ என்ற பயம். பயந்து ஒதுங்குபவருக்குத் தனிமை மருந்தாகாது, அழைப்புகளை மறுக்க மறுக்கப் பயம்தான் வளரும். நன்றாக ஓய்வெடுத்த பின் நெருங்கிய நண்பரைப் பார்க்க ஆசை வந்தால், தேவைப்பட்டது ஓய்வு. ஆசை இருந்தும் வாரக்கணக்கில் பயமே தடுத்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

சொல்லாமல் கதவைச் சாத்துவது

"அரை மணி நேரம் கழிச்சு வர்றேன்" என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் சாத்துங்கள்.