மலைநாட்டுக் குளிரில் நுரையீரல் மீன் வளர்க்க

மேலே வந்து காற்றை விழுங்கி நுரையீரலால் மூச்சுவிடும் நுரையீரல் மீனை வாங்க நினைப்பவர்கள் மீனுக்கு முன்னால் ஒரு வெப்பமானி வாங்கிவிடுங்கள். கொழும்பில் வளர்ப்பவருக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. ஹட்டனில், நானுஓயாவில், நுவரெலியாவில் இருக்கிற நமக்கு மீனின் உயிரே அதில்தான் இருக்கிறது.

இன்று உலகில் ஆறு இனங்கள் மிஞ்சியிருக்கின்றன. நான்கு ஆப்பிரிக்காவில், ஒன்று தென் அமெரிக்காவில், ஒன்று அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆறுகளில். அவுஸ்திரேலிய மீனின் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அனுமதிப் பத்திரம் இல்லாமல் யாராவது விற்றால் வாங்க வேண்டாம். வளர்ப்பவர்கள் கைக்கு அதிகம் வருவது புரோட்டாப்டெரஸ் அனெக்டென்ஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்க இனம். எங்கள் வீட்டில் இருப்பதும் அதுதான். இது ஒரு மீட்டர் வரை வளரும். இதன் உறவான எத்தியோப்பிகஸ் இரண்டு மீட்டர்கூடப் போகும். குட்டியில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் எந்த இனம் என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

இந்த மீன் வறட்சியில் சேற்றுக்குள் புதைந்து, உடம்பைச் சுற்றிச் சளியால் உறை கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இதைக் கேள்விப்பட்ட பலர், தை மாதப் பனியில் மீன் தொட்டியின் அடியில் அசையாமல் கிடந்தால், "தூங்குது, எழுப்பாதே" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தூக்கம் தண்ணீர் வற்றுவதால் வருவது, வெயில் நாட்டு ஏற்பாடு. குளிரில் சுருண்டு கிடக்கிற மீனுக்குத் தின்றது செரிக்காது, நோயைத் தாங்கும் சக்தியும் குறைந்துகொண்டே போகும். இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. தண்ணீர் 25 முதல் 28 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவுதான். இடையில் இருக்கிற பத்துப் பாகையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

குட்டிக்கு நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டி போதும். பெரிதானதும் ஆறடிக்கு இரண்டடி தேவை. உயரம் முக்கியமில்லை, 15 அங்குலத் தண்ணீர் தாராளம். அடியில் கழுவிய மெல்லிய ஆற்று மணல் போடுங்கள், கூரான சரளை வயிற்றைக் கீறிவிடும். ஒளிந்துகொள்ள அகலமான எஸ்லோன் (பிவிசி) பைப் துண்டு ஒன்று வையுங்கள். தொட்டியின் அடியிலும் மூன்று பக்கங்களிலும் ரெஜிஃபோம் (வெள்ளை நுரை அட்டை) ஒட்டிவிட்டால் கரண்ட் பில்லில் வித்தியாசம் தெரியும்.

ஹீட்டர் ஒன்று போதும் என்று கடையில் சொல்வார்கள். 200 லீட்டர் தண்ணீருக்கு 300 வாட்டில் ஒன்று வாங்குவதைவிட 150 வாட்டில் இரண்டு வாங்குங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். ஒன்று அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் மீன் தாங்காத சூட்டுக்குப் போகாது. மீன் சுற்றி வளைந்தால் கண்ணாடிக் குழாய் உடையும். அதனால் ஓட்டை போட்ட பைப்புக்குள் ஹீட்டரை வையுங்கள்.

அடுத்தது மூடி. ஆப்பிரிக்க இனங்களுக்குச் செவுள் பெயரளவுக்குத்தான். மேலே வந்து காற்றை விழுங்க முடியாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே நான்கு அங்குலமாவது விடுங்கள். அந்த இடைவெளியில் நிற்கிற காற்றும் சூடாக இருக்க வேண்டும். மூடியில்லாத தொட்டியில் தண்ணீர் 27 பாகை காட்டும், மீன் இழுக்கிற காற்று மட்டும் மலைக் குளிராக இருக்கும். கண்ணாடி மூடி போட்டு, காற்றுக்குச் சிறிய இடத்தை வலை கட்டி விட்டு, மேலே பாரம் வையுங்கள். தலையால் முட்டித் திறந்து வெளியே வந்துவிடக்கூடிய மீன் இது.

2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தது நமக்கு மறக்காது. மற்ற மீன் வளர்ப்பவர்கள் அப்போது காற்றுப் பம்பை நினைத்துத் தவிப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, சூடுதான் கவலை. காற்று போகும் வழியை விட்டுத் தொட்டியைக் கம்பளியால் போர்த்துங்கள். போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி மிதக்க விடுங்கள். அன்றைக்கு இரை வேண்டாம்.

நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன் என்பதால் வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். டவுன் பைப் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து சேருங்கள். பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்) எடுப்பவர்கள் மேலே தேயிலை மலையில் மருந்து அடித்த வாரத்திலும், அதற்குப் பிறகு பெய்கிற முதல் மழையிலும் எடுக்கக் கூடாது. 17 பாகையில் இருக்கும் 10 லீட்டர் வாளியில் ஒரு லீட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு கொதிநீர் ஊற்றினால் 26க்கு வரும். எங்கள் வீட்டில் அம்மாவின் பெரிய கேத்தல் இதற்குத்தான் அடுப்பில் ஏறும். வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

இரையில் மண்புழுதான் ராஜா. தேயிலைச் செடிக்கு அடியில் தோண்டாமல் வீட்டுத் தோட்டத்துக் குப்பைக் குழியில் எடுங்கள். ஓட்டோடு இறால், சில நாள் உறைய வைத்த நத்தை எல்லாம் தின்னும். குட்டிக்குத் தினமும், ஓரடி தாண்டியதும் வாரம் இரண்டு மூன்று தடவை. வாய்க்குள் போன இரையைத் துப்பித் துப்பி மறுபடி இழுத்து மெல்லும். பிடிக்கவில்லை என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள், அது தின்கிற விதமே அப்படி. நீளமான இடுக்கியால் கொடுங்கள். நத்தை ஓட்டை நொறுக்குகிற பல்லுக்கு விரல் ஒன்றும் பெரிதில்லை. கண்ணை நம்பாமல் மோப்பத்தில் வருகிற மீன், அதற்கு எல்லாம் இரைதான்.

துணைக்கு வேறு மீன் விடாதீர்கள். தன் இனத்தையே துடுப்பு போகக் கடிக்கும்.

சிகாகோவின் ஷெட் காட்சியகத்துக்கு 1933இல் வந்த அவுஸ்திரேலிய நுரையீரல் மீன் ஒன்று 2017 வரை உயிரோடு இருந்தது. ஆப்பிரிக்க இனங்களும் பல வருடம் இருக்கும். பிள்ளைகள் படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போன பிறகு யார் பார்ப்பது என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முடியாமல் போனால் விற்ற கடையிலோ வளர்க்கத் தெரிந்தவரிடமோ ஒப்படையுங்கள். காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களிலோ ஓடையிலோ விடவே கூடாது. தொட்டியிலிருந்து தப்பிய டேங்க் கிளீனர் மீன் நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது, அந்தத் தொல்லையே போதும்.