தீயணைப்பானின் லேபிளைப் படிப்பதும் கையாள்வதும்: தொடக்க நிலையினருக்கான விளக்கம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் தீயணைப்பானின் மேல் யாரோ ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். துண்டை எடுத்துப் பார்த்தால், அழுத்தமானியின் முள் சிவப்புப் பகுதிக்கு இறங்கியிருந்தது. நல்ல நிலையில் இருக்கும் 4 கிலோ உருளைகூடப் பத்துப் பதினைந்து நொடிகளில் தீர்ந்துவிடும் என்பதால், தீப்பிடித்த பிறகு அதன் லேபிளை எழுத்துக்கூட்டிப் படிக்க யாருக்கும் அவகாசம் இருக்காது. ஆகவே உங்கள் வீட்டிலோ கடையிலோ உள்ள உருளையின் முன்னால் நின்றுகொண்டு இதைப் படியுங்கள்.

முதல் படி: எழுத்தைப் பாருங்கள்

இந்தியாவில் தீயணைப்பான்கள் பெரும்பாலும் சிவப்பாகவே இருக்கும். நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்க முடியாது. லேபிளில் உள்ள எழுத்தே அதைச் சொல்லும். மரம், காகிதம், துணி போன்று தணலாக எரியும் திடப்பொருள்களுக்கு ஏ. பெட்ரோல், தின்னர் போன்ற திரவங்களுக்கு பி. சமையல் எரிவாயு போன்ற வாயுக்களுக்கு சி. மக்னீசியம் போன்ற உலோகங்களுக்கு டி. கொதிக்கும் சமையல் எண்ணெய்க்கு எஃப். மின்சாரத்துக்கு இங்கே தனி எழுத்து இல்லை. மின்கருவிகள்மீது பயன்படுத்தலாமா என்பதைத் தனி வரியாகவோ படமாகவோ குறிப்பிட்டிருப்பார்கள். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள், ஏனெனில் அங்கே சி என்றால் மின்சாரத் தீ.

எழுத்துக்கு முன்னால் உள்ள எண், சோதனையில் அந்த உருளை அணைத்துக் காட்டிய தீயின் அளவைக் குறிக்கிறது; எண் பெரிதானால் திறனும் பெரிது. ஐஎஸ்ஐ முத்திரையுடன் ஐஎஸ் 15683 என்ற தர எண் உள்ளதா என்பதையும், கடைசியாக நிரப்பிய தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உள்ளே இருப்பதை அறியுங்கள்

வீடுகளிலும் கடைகளிலும் அதிகம் காணப்படுவது ஏபிசி பவுடர். இதிலுள்ள மோனோ அமோனியம் பாஸ்பேட் வெப்பத்தில் உருகி, எரியும் பொருளின் மேல் படலமாகப் படிந்து காற்றைத் தடுக்கிறது. பலவகைத் தீக்கும் உதவும் என்றாலும், அறை முழுவதும் தூசியாகப் படிந்து கணினி போன்றவற்றை அரித்துவிடும். அதனால் மின்பலகை, கணினி அறை ஆகியவற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடு உருளையே ஏற்றது. அதில் அழுத்தமானி இருக்காது. எடைபோட்டுத்தான் வாயு குறைந்திருக்கிறதா என்று அறிய வேண்டும். வாயு வெளிவரும்போது உறையும் துகள்களின் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் என்பதால் கறுப்புக் குழலின் வாய்ப்பகுதியை வெறுங்கையால் பிடிக்கவே கூடாது. சிறிய மூடிய அறையில் அடித்தால் உடனே வெளியேறிவிட வேண்டும், மூச்சுத்திணறும்.

தண்ணீர் உருளை ஏ வகைக்கு மட்டும். நுரை உருளை ஏ, பி இரண்டுக்கும். இவை இரண்டையும் மின்சாரத்தின் அருகில் கொண்டுபோக வேண்டாம்.

மூன்றாம் படி: மாதம் ஒருமுறை சோதியுங்கள்

முள் பச்சையில் நிற்கிறதா, பாதுகாப்புப் பின்னும் அதைக் கட்டியிருக்கும் சீலும் அப்படியே உள்ளனவா, குழாயில் விரிசலோ குளவிக்கூடோ இருக்கிறதா என்று பாருங்கள். (குளவிக்கூடு வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நானே குச்சியால் குத்தி எடுத்திருக்கிறேன்.)

நான்காம் படி: தீயை அணையுங்கள்

முதலில் எல்லோரையும் வெளியேற்றி, 101 அல்லது 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள். தீ ஒரு குப்பைக்கூடை அளவைத் தாண்டியிருந்தாலோ புகை அறையை நிறைத்திருந்தாலோ முயலவே வேண்டாம். முயல்வதானால், வெளியேறும் வாசல் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு, ஏறத்தாழ 2 மீட்டர் தள்ளி நில்லுங்கள். திறந்தவெளியில் காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து தீயை நோக்கி வீசுமாறு நில்லுங்கள். பின்னைச் சற்றே திருகி இழுத்தால் சீல் அறுந்துவிடும். பிடியை அழுத்திக்கொண்டே பின்னை இழுத்தால் அது இறுகிப்போய் வராது. பதற்றத்தில் பலரும் செய்யும் தவறு இதுதான். பின்பு குழாயைச் சுவாலையின் நுனிக்கு அல்ல, அடிப்பகுதிக்கு நேராகப் பிடித்து, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசிக்கொண்டே மெல்ல முன்னேறுங்கள்.

சமையலறையில் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பவுடரையும் நெருங்கி நின்று அடிக்காதீர்கள். அதன் வேகம் எரியும் எண்ணெயைச் சிதறடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டையான உலோக மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். சிலிண்டர் குழாயில் தீ என்றால், எட்ட முடிந்தால் ரெகுலேட்டரை மூடுவதே முதல் வேலை. வாயுவை நிறுத்தாமல் சுவாலையை மட்டும் அணைத்தால், கசியும் வாயு அறையில் சேர்ந்து வெடிக்கக்கூடும்.

தீ அணைந்ததும் திரும்பி நடந்துவிடாமல், மறுபடி பற்றுகிறதா என்று பார்த்தபடியே பின்வாங்குங்கள். இரண்டு நொடி மட்டுமே அடித்திருந்தாலும் உருளையை மீண்டும் நிரப்பக் கொடுத்துவிட வேண்டும். வால்வில் சிக்கிய பவுடர் அதைச் சரியாக மூடவிடாது என்பதால், மிச்ச அழுத்தமும் சில நாள்களில் கசிந்து போய்விடும்.